பயறு வகைப் பயிர்களின் வறட்சித் தாங்குதிறன்: நீர்ச் செலவின் காலம் பற்றிய உடலியல் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

பயறு வகைப் பயிர்கள் பெரும்பாலும் நீர் வசதி இல்லாத நிலத்துக்கே ஒதுக்கப்படுகின்றன. கிணறோ வாய்க்காலோ வாய்த்த வயலை நெல்லும் கரும்பும் வாழையும் பிடித்துக்கொள்கின்றன. மேட்டு மானாவாரியும், முன்பயிர் விட்டுச்சென்ற ஈரமும்தான் உளுந்துக்கும் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மிஞ்சுகின்றன. இப்பயிர்களின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதற்கு இதுவே முதற்காரணம். வறட்சியைத் தாங்கும் ரகம் வேண்டும் என்ற கோரிக்கையும் இங்கிருந்துதான் எழுகிறது.

அந்தக் கோரிக்கைக்கு ஆய்வுலகம் ஐம்பது ஆண்டுகளாகப் பல விடைகளைத் தந்திருக்கிறது. ஆழமான வேர், தடித்த இலை, மூடிக்கொள்ளும் இலைத்துளை, செல்லுக்குள் சேரும் புரோலின், சீக்கிரம் பூக்கும் இயல்பு என்று பட்டியல் நீளமானது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வயலில் பயன் தந்ததுதான். ஆனால் அதே பண்பு வேறொரு வயலில் விளைச்சலைக் குறைத்ததும் உண்டு. இந்த முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பயிர் எவ்வளவு நீரைச் செலவிட்டது என்பதைவிட, எந்த வாரத்தில் செலவிட்டது என்பதே தாங்குதிறனைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. பண்புகளின் மதிப்பை இந்த அளவுகோலில் வைத்தே பின்வரும் பகுதிகள் ஆராய்கின்றன.

2. வறட்சி எப்போது வருகிறது

மூன்று வயல்களை எடுத்துக்கொள்வோம்.

தக்காணத்துக் கரிசலில் கொண்டைக்கடலை மழைக்காலம் முடிந்தபின் விதைக்கப்படுகிறது. அதற்குப் பிறகு மழையைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. மண் சேமித்து வைத்த ஈரம்தான் விதைப்பு முதல் அறுவடை வரை முழு முதலும். பயிர் வளர வளர ஈரம் கீழே இறங்குகிறது. காய் முற்றும் நேரத்தில் தட்டுப்பாடு உச்சத்தில் இருக்கும். இது இறுதிப் பருவ வறட்சி. ஏறத்தாழ எல்லா ஆண்டுகளிலும் வருவது, வரும் காலமும் முன்கூட்டியே தெரிந்தது.

ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலை தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 550 மில்லிமீட்டர். அதுவும் விட்டுவிட்டுப் பெய்வது. இரண்டு மழைக்கு இடையே மூன்று நான்கு வாரம் காய்ந்தால் பயிர் வாடும், மீண்டும் மழை வந்தால் தழைக்கும். இடைப்பருவ வறட்சியான இது எந்த வாரத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து மூன்றாவது வயல். சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்கு இடையில் விதையைத் தூவிவிடுகிறார்கள். அறுவடைக்குப் பின் உழவில்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. களிமண்ணில் எஞ்சிய ஈரமும் தை, மாசி மாதப் பனியும்தான் ஆதாரம். ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் எழுபது நாளையொட்டி முதிர்ந்து, நிலம் பாளம் பாளமாக வெடிப்பதற்குள் காயைத் தந்துவிட முயல்கின்றன.

மூன்றையும் வறட்சி என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆனால் பயிரின் உடலியல் எதிர்கொள்ளும் சிக்கல்கள் மூன்றும் வேறு வேறானவை.

3. விளைச்சலின் சமன்பாடு

ஆஸ்திரேலியாவின் ஜான் பசியூரா 1977இல் முன்வைத்த எளிய சமன்பாடு இத்துறையின் அடித்தளம். நீர் தட்டுப்பாடான நிலத்தில் தானிய விளைச்சல் மூன்று காரணிகளின் பெருக்கற்பலன்: பயிர் இலை வழியாக ஆவியாக்கிய நீர், ஓர் அலகு நீருக்கு உருவான உலர் எடை, அந்த எடையில் தானியமாகச் சேர்ந்த பங்கு. இரண்டாவதை நீர்ப்பயன் திறன் என்றும் மூன்றாவதை அறுவடைக் குறியீடு என்றும் சொல்கிறோம்.

மூன்று காரணிகளும் ஒன்றையொன்று சாராதவை போலத் தோன்றினாலும் உண்மையில் பிணைந்தவை. இலைத்துளையைச் சுருக்கினால் நீர்ப்பயன் திறன் கூடும். ஆனால் மொத்த நீர்ச்செலவும் அதனுடன் வளர்ச்சியும் குறையும். தொடக்கத்தில் செழித்து வளர்ந்தால் முதற்காரணி கூடும். காய் பிடிக்கும்போது நீர் தீர்ந்திருந்தால் மூன்றாவது சரியும். இஸ்ரேலின் ஆபிரகாம் புளூம் 2009இல் எழுதிய கட்டுரையில், நீர்ப்பயன் திறனைத் துரத்துவது தவறான இலக்கு என்றும், மண்ணில் உள்ள நீரைப் பயனுள்ள வகையில் எடுத்துச் செலவிடுவதே இலக்காக இருக்க வேண்டும் என்றும் வாதிட்டார். நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சோதனைகளின் முடிவுகளைப் பார்க்கும்போது அவர் பக்கமே நியாயம் அதிகம் என்று கருதுகிறேன்.

4. இலைத்துளைகளின் அடக்கம்

தானியத்துக்காகப் பயிரிடப்படும் பயறு வகைகள் அனைத்தும் சி3 ஒளிச்சேர்க்கை உடையவை. ஒரு கரியமில வாயு மூலக்கூறை உள்ளே எடுக்க இவை பல நூறு நீர் மூலக்கூறுகளை வெளியே விட வேண்டியிருக்கிறது. அந்த இழப்பு நாள் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. 24 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள காலை வேளையில் காற்றின் நீராவி அழுத்தப் பற்றாக்குறை ஏறத்தாழ 0.45 கிலோபாஸ்கல். வெப்பம் 35 பாகைக்கு ஏறி ஈரப்பதம் 40 சதவீதமாக இறங்கும் பிற்பகலில் அது 3.4 கிலோபாஸ்கலை நெருங்குகிறது. இலைத்துளை ஒரே அளவில் திறந்திருந்தால், அதே ஒளிச்சேர்க்கைக்குப் பிற்பகலில் ஏழு மடங்கு நீர் செலவாகும். காற்று மிகவும் உலர்ந்த அந்தச் சில மணி நேரம் மட்டும் துளையை ஓரளவு மூடிக்கொள்ளும் செடி, சிறிது வளர்ச்சியை விட்டுக்கொடுத்து நிறைய நீரைச் சேமிக்கிறது.

இந்தப் பண்பு முதலில் தெளிவாக விளங்கியது சோயா மொச்சையில். ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற பி.ஐ. 416937 என்ற வகை, பக்கத்து வரிசைகள் வாடிய பின்னும் வாடாமல் நின்றதால் கவனம் பெற்றது. தாமஸ் சின்கிளேரும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தைக் காட்டியது. பற்றாக்குறை 2 கிலோபாஸ்கலைத் தாண்டியதும் இவ்வகையின் நீராவிப்போக்கு மேலும் உயராமல் நின்றுவிடுகிறது. இலைக்குள் நீர்க்குழாயிலிருந்து காப்புச் செல்களுக்கு நீர் நகரும் வேகம் இதில் குறைவு. அக்வாபோரின் என்னும் சவ்வுப் புரதங்களில் உள்ள வேறுபாடு இதற்குக் காரணம் என்று பின்வந்த சோதனைகள் சுட்டின.

முக்கியமான செய்தி என்னவென்றால், இந்த அடக்கம் மண் ஈரமாக இருக்கும்போதே தொடங்குகிறது. மண் காய்ந்த பின் துளையை மூடுவதை எல்லாப் பயிர்களும் செய்யும். வேர்மண்டலத்தில் பயிர் எடுக்கக்கூடிய நீரில் மூன்றில் ஒரு பங்கையொட்டி எஞ்சும்போது பெரும்பாலான பயறு வகைகளில் நீராவிப்போக்கு தானாகவே சரியத் தொடங்குகிறது. அப்போது மூடுவதால் மிச்சப்படுவது சொற்பம். ஈரம் இருக்கும் நாளிலேயே அளந்து செலவிட்டால்தான் பூக்கும் பருவத்துக்கு நீர் மிஞ்சும்.

சேமிப்புக்கு விலையும் உண்டு. சின்கிளேர் குழு 2010இல் அமெரிக்கச் சோயா மொச்சைப் பகுதிகளுக்குச் செய்த கணினி மாதிரி மதிப்பீட்டில் இப்பண்பு பெரும்பாலான இடங்களிலும் ஆண்டுகளிலும் விளைச்சலைக் கூட்டியது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் குறைத்தது. வறண்ட ஆண்டில் சோறு தரும் பண்புக்காக நல்ல ஆண்டில் சிறிது இழப்பதை மானாவாரி உழவர் ஏற்பார். பாசன உழவர் ஏற்க மாட்டார்.

தட்டைப்பயறு இதே சிக்கலுக்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. நைஜீரியாவின் கானோவில் பி.பி. சிங், மாய்-கொடோமி, தெராவோ ஆகியோர் மரப்பெட்டியில் ஆழம் குறைந்த மண் நிரப்பி நாற்றுகளைக் காயவிட்டனர். வேரின் ஆழம் என்ற காரணியை நீக்கிவிட்டுச் செடியின் மேற்பகுதியை மட்டும் சோதிக்கும் முறை இது. 1999இல் அவர்கள் தந்த முடிவின்படி ஒரு வகைச் செடிகள் ஈரம் குறைந்ததும் வளர்ச்சியை நிறுத்தி, எல்லா இலைகளையும் சமமாகக் காத்துக்கொண்டன. டான் இலா போன்ற இரண்டாவது வகைச் செடிகள் கீழ் இலைகளைக் காயவிட்டு அவற்றின் ஈரத்தையும் சத்தையும் நுனிக்கு ஏற்றிக்கொண்டன. நுனி நெடுநாள் உயிரோடிருந்து, மழை வந்ததும் மீண்டும் வளர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் மழையின் இடைவெளி நீண்டும் குறுகியும் மாறுவதால், இரண்டாவது வகையே அங்கு கூடுதல் பயன் தரக்கூடியது.

நண்பகல் வெயிலில் உளுந்தும் தட்டைப்பயறும் இலைகளைச் சூரியக் கதிருக்கு இணையாகத் திருப்பிக்கொள்வதையும், நிலக்கடலை சிற்றிலைகளை மடித்துக்கொள்வதையும் உழவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். இலையின் வெப்பமும் நீரிழப்பும் இதனால் குறைகின்றன.

5. வேர்: நம்பிக்கையும் மறுபரிசீலனையும்

வறட்சிக்கு ஆழமான வேரே மருந்து என்ற நம்பிக்கை கொண்டைக்கடலை ஆய்வில் இருபது ஆண்டுகள் கோலோச்சியது. ஹைதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் என்.பி. சக்சேனாவின் குழு, ஐ.சி.சி. 4958 என்ற வகையை வறட்சி தாங்கும் மூலவகையாக 1993இல் பதிவு செய்தது. விதை பெரியது, இளம் பருவத்திலேயே வேர் விரைந்து பெருகும். பின்னர் காஷிவாகி குழு, 211 வகைகள் கொண்ட சிறு மையத் தொகுப்பை 1.2 மீட்டர் உயரமுள்ள பி.வி.சி. குழாய்களில் வளர்த்து, மண்ணைக் கழுவி வேரை அளந்தது. வேரடர்த்தி மிக்க வகைகள் சில ஆண்டுகளில் விளைச்சலில் முந்தின. எல்லா ஆண்டுகளிலும் அல்ல.

திருப்பம் 2011இல் வந்தது. அதே நிறுவனத்தில் ஜமான்-அல்லா, வின்சென்ட் வாடேஸ் ஆகியோர் குழாயில் வளரும் செடிகளை அறுவடை வரை அடிக்கடி எடைபோட்டு, நீர்ச் செலவை வார வாரியாகக் கணக்கிட்டனர். வயலில் இறுதிப் பருவ வறட்சியைத் தாங்கியவையும் தாங்காதவையும் வேரின் ஆழத்திலோ அடர்த்தியிலோ சீராக வேறுபடவில்லை. வேறுபாடு காலத்தில் இருந்தது. தாங்கியவை தழைப் பருவத்தில் குறைவாகவும், பூத்த பின் அதிகமாகவும் நீரை எடுத்தன. இலைப்பரப்பு சிறிது, துளைகளின் கடத்துத்திறன் குறைவு. அதனால் கீழ்மண்ணில் ஈரம் மிஞ்சியிருந்தது. இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

மரபணு ஆய்வும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஐ.சி.சி. 4958ஐயும் ஐ.சி.சி. 1882ஐயும் கலந்து உருவாக்கிய சந்ததியில், ராஜீவ் வர்ஷ்னேயின் குழு நான்காவது இணைப்புத் தொகுதியில் பல பண்புகள் குவிந்த ஒரு மரபுப் பகுதியை 2014இல் அறிவித்தது. சில பண்புகளில் காணும் வேறுபாட்டின் 58 சதவீதம் வரை அது விளக்கியது. அப்பகுதியை ஜே.ஜி. 11 ரகத்துக்குள் கொண்டுவந்தார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் பூசா 372க்குள் கொண்டுவந்து பூசா சிக்பீ 10216ஐ உருவாக்கியது. ஆனால் அதே சந்ததியைச் செடி வளர்ச்சியை முப்பரிமாணமாக அளக்கும் கருவியில் வைத்து 2018இல் ஆராய்ந்தபோது, அப்பகுதி முதன்மையாகத் தழைப் பருவ வீரியத்தோடு தொடர்புடையது என்றும், நீரைச் சேமிக்கும் பண்புகள் மரபுத்தொகுதியின் வேறு இடங்களில் உள்ளன என்றும் தெரிந்தது. இது அந்த ரகங்களின் மதிப்பைக் குறைக்கவில்லை. வீரியமும் சேமிப்பும் தனித்தனியே மரபுவழிப்படுவதால், வயலுக்கு ஏற்ற அளவில் இரண்டையும் சேர்க்க முடியும் என்ற கதவை அது திறந்தது.

மண் தடையாக இருக்கும் இடத்தில் வேரின் மரபுக்கு வேலையே இல்லை. நெல்லுக்காக ஆண்டாண்டாய்ச் சேறு கலக்கிய வயலில், உழவு ஆழத்துக்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடுகிறது. நெல்லுக்கு நீரைத் தேக்கி வைக்கும் அந்தத் தளமே பின்வரும் உளுந்தின் ஆணிவேரைத் தடுக்கிறது. படுகை உளுந்துக்கு ஆழ்வேர் தேடுவதைவிட, நாள் குறைந்த வயதும் ஒருசேர முதிரும் காயும் தேடுவது அறிவார்ந்த வழி. துவரைக்கு நிலைமை நேர்மாறு. ஆறு மாதத்துக்கும் மேல் வயலில் நிற்கும் நீண்டகால ரகங்கள் மழை ஓய்ந்தபின் ஆழ்மண் ஈரத்தில்தான் பூத்துக் காய்க்கின்றன. அங்கே வேர் உண்மையிலேயே உயிர்நாடி.

6. கரிம ஐசோடோப்பும் இலைத் தடிமனும்

நீர்ப்பயன் திறனை ஆயிரக்கணக்கான செடிகளில் நேரடியாக அளப்பது இயலாது. இதற்கு மாற்றுவழி காற்றின் கரியிலேயே இருந்தது. கரியில் சுமார் 1.1 சதவீதம் கனமான கரி-13. ஒளிச்சேர்க்கை நொதி கனமானதை ஒதுக்கி இலேசானதை விரும்பி எடுக்கிறது. இலைக்குள் கரியமில வாயு குறைவாக இருக்கும்போது இப்படி ஒதுக்க முடியாமல் போகிறது. ஆகவே உலர்ந்த இலையில் கரி-13 எவ்வளவு சேர்ந்தது என்பது, செடி எவ்வளவு சிக்கனமாக நீரைச் செலவிட்டது என்பதன் பதிவு. ஃபர்குவார், ஓலேரி, பெர்ரி மூவரும் 1982இல் இதன் கோட்பாட்டை வகுத்தனர். ஹூபிக், ஃபர்குவார், ஷார்ட்டர் 1986இல் நிலக்கடலை வகைகளில் இத்தொடர்பு நிலவுவதைக் காட்டினர்.

நிலக்கடலையில் தடித்த, கரும்பச்சை இலையுள்ள வகைகள் ஓர் அலகுப் பரப்பில் கூடுதல் ஒளிச்சேர்க்கை நொதியை வைத்திருப்பதால் திறன் மிகுந்தவையாகத் தெரிந்தன. இலையைப் பிடித்தால் பச்சைய அளவைச் சொல்லும் ஸ்பேட் மானி, ஐசோடோப்பு ஆய்வுக்கூடத்துக்கு மலிவான மாற்றாக வந்தது. இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதை வைத்துப் பெரிய தேர்வுத் திட்டங்கள் நடந்தன.

அவற்றின் பலன் கலவையானது. எஸ்.என். நிகாம் குழு 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில், உடலியல் பண்புகளை வைத்துத் தேர்ந்த சந்ததிகள், விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தவற்றைச் சீராக விஞ்சவில்லை. எடைபோட்டு அளந்த பிந்தைய ஆய்வுகளில் பச்சைய மானியின் எண்ணுக்கும் உண்மையான நீர்ப்பயன் திறனுக்கும் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. மானி பொய் சொல்லவில்லை. அது ஒரு நாளின் இலையை அளக்கிறது. விளைச்சலைத் தீர்மானிப்பதோ முழுப் பருவத்தின் நீர்ப் பங்கீடு.

7. செல்லளவில் பொறுத்தல்

புரோலின், சர்க்கரைகள், பொட்டாசியம் ஆகியவற்றைச் சேர்த்துச் செல்லின் சாற்றை அடர்த்தியாக்கி, உலரும் மண்ணிலிருந்தும் நீரை இழுக்கும் திறனைச் சவ்வூடு பரவல் சீரமைப்பு என்கிறோம். ஆய்வேடுகளில் மிகுதியாக அளக்கப்படுவது இதுதான், செலவும் குறைவு. கொண்டைக்கடலையில் தொடக்க ஆய்வுகள் இதை விளைச்சலோடு இணைத்தன. நீல் டர்னர் குழு 2007இல் பல இடங்களில் சோதித்து, விளைச்சலுக்கு நிலையான பயன் இல்லை என்று முடிவுசெய்தது. புரோலின் கூடுவது பல நேரங்களில் செடி துன்பப்படுவதன் அடையாளமே. நாற்றுகளில் புரோலினை மட்டும் அளந்து ரகத்துக்கு வறட்சிப் பட்டம் சூட்டும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

8. வேர் முடிச்சுகளின் நெருக்கடி

பயறு வகைக்கே உரிய சிக்கல் தழைச்சத்து. சோயா மொச்சையில் மண் காயத் தொடங்கும்போது ஒளிச்சேர்க்கை குறைவதற்கு முன்பே முடிச்சுகளில் தழைச்சத்து நிலைநிறுத்தம் குறைந்துவிடுகிறது. இலை பச்சையாக நிற்கும். விதைக்கு வேண்டிய புரதத்தின் மூலம் அடைபட்டிருக்கும். முடிச்சுக்குள் பிராணவாயு புகும் வழி சுருங்குவது, சர்க்கரையைப் பிளக்கும் நொதி தளர்வது, தழைச்சத்தை ஏற்றிச்செல்லும் பொருள்கள் திரும்பித் தேங்குவது ஆகிய மூன்றும் காரணங்களாகக் காட்டப்பட்டுள்ளன.

இவற்றில் மூன்றாவதே பயிர்களைப் பிரித்துக்காட்டுகிறது. சோயா மொச்சை, தட்டைப்பயறு, உளுந்து போன்ற வெப்பக்காலப் பயிர்கள் தழைச்சத்தை யூரைடுகளாக அனுப்புகின்றன. கொண்டைக்கடலை, பட்டாணி, நிலக்கடலை ஆகியவை அமைடுகளாக அனுப்புகின்றன. சின்கிளேரும் ரஷீத் செராஜும் 1995இல் நேச்சர் இதழில், யூரைடு அனுப்பும் பயிர்களில் நிலைநிறுத்தம் வறட்சிக்கு எளிதில் பணிவதைச் சுட்டினர். இலையில் யூரைடு சிதையாமல் தேங்கினால் முடிச்சு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சோயா மொச்சையிலேயே ஜாக்சன் என்ற ரகம் இதற்கு விலக்காகக் கிடைத்தது. யூரைடைச் சிதைக்க மாங்கனீசு தேவை என்பதால், மாங்கனீசு ஊட்டம் வறட்சியில் நிலைநிறுத்தத்தை நீட்டித்ததை லாரி பர்செலின் ஆய்வுகள் காட்டின.

நெல் தரிசு உளுந்துக்கு, பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசலைத் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. காய்ந்த மண்ணில் வேரும் முடிச்சும் தளர்ந்த நேரத்தில் இலை வழியே ஊட்டம் போவதால் இப்பரிந்துரைக்கு உடலியல் அடிப்படை உறுதியானது. உளுந்திலும் பச்சைப்பயறிலும் நிலைநிறுத்தம் வறட்சியில் எந்தக் கட்டத்தில் சரிகிறது என்று ரகவாரியாக அளந்து வெளியிட்டால் படுகை உழவருக்குப் பெரும் பயன் கிட்டும்.

9. பூ, விழுது, காய்

சேமித்த நீர் தானியமாக மாறுவதை இறுதியில் முடிவுசெய்வது பூவும் காயும். கொண்டைக்கடலையில் காய் பிடிக்கும்போது வறண்டால் பூவும் பிஞ்சும் உதிர்கின்றன. பின்னர் பூப்பவை முதலில் பலியாகின்றன. பொது பீன்ஸில் கொலம்பியாவின் சியாட் நிறுவனம் நடத்திய நெடுநாள் ஆய்வுகளில், தண்டிலிருந்து காய்க்கும், காய்ச் சுவரிலிருந்து விதைக்கும் மாவுப்பொருளை நகர்த்தும் திறனே சிறந்த சந்ததிகளின் பொதுப்பண்பாகத் தெரிந்தது. காயின் மொத்த எடையில் விதையின் பங்கை நிறுத்துப் பார்த்தாலே இதை மதிப்பிடலாம். தராசு மட்டும் போதும் என்பதால் சிறிய ஆய்வு நிலையங்களும் இதைச் செய்ய முடியும்.

நிலக்கடலைக்குத் தனிக் கதை. விழுது மண்ணுக்குள் இறங்க மேல்மண்ணில் ஈரம் வேண்டும். கீழே எவ்வளவு ஈரம் இருந்தும் பயனில்லை. காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இலையிலிருந்து வராது. காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மேல்மண் காய்ந்தால் அது தடைபட்டுப் பொக்குக் காய் மிகும். முதிர்ச்சிக் கட்டத்தில் வறண்டால் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் புகுந்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். ஆனால் பூப்பதற்கு முன் வரும் மிதமான வறட்சி, பின்னர் நீர் கிடைத்தால், விளைச்சலைக் கூட்டுவதையும் நாகேஸ்வர ராவ் குழுவின் பட்டஞ்செரு சோதனைகள் காட்டின. தழை அடங்கி, பின்பு பூக்கள் ஒருசேர வருவது அதன் காரணம். அனந்தப்பூரில் பரவிய ஐ.சி.ஜி.வி. 91114 ரகத்தின் வலிமையும் குறுகிய வயதும், இடைவறட்சிக்குப் பின் மீளும் இயல்பும்தான்.

10. பரிந்துரை

தேர்வுத் திட்டம் பண்பிலிருந்து தொடங்காமல் வயலின் நீர்க்கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். கரிசல் கொண்டைக்கடலைக்குத் தழைப் பருவச் சிக்கனம், மானாவாரி நிலக்கடலைக்கு மீட்சி, படுகை உளுந்துக்குக் குறுகிய வயதோடு ஒருசேர முதிர்ச்சி, நீண்டகாலத் துவரைக்கு ஆழ்வேர் என்று இலக்கு பிரிய வேண்டும். பெரிய கருவிகள் இல்லாத நிலையங்களிலும் குழாயில் செடி வளர்த்து வாரம் ஒருமுறை எடைபோட முடியும். நூறு புரோலின் அளவீடுகளைவிட அந்த எடைக்குறிப்பு மதிப்புள்ளது.

ரகங்களை வெளியிடும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். வறட்சியைத் தாங்கும் என்று ரகக் குறிப்பில் அச்சிடும்போது, எந்த மண்ணில், பயிரின் எந்த வயதில் வந்த வறட்சியில் அது சோதிக்கப்பட்டது, நல்ல மழை ஆண்டில் அதன் விளைச்சல் எவ்வளவு என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். விதை வாங்கும் மானாவாரி உழவருக்கு இந்த விவரங்கள் கட்டாயம் தெரிய வேண்டும்.